ஒப்படைப்புப் படிவம்

பழைய போர்வையில் சுற்றி, உரப்பையில் போட்டுக் கயிறு கட்டி
தம்பலகாமத்திலிருந்து ஏழரை பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்தில் இருந்தவள் குடையா என்று கேட்டாள்.
ஓம் என்றேன்.
ஒருவகையில் குடைதான்.

கச்சேரி வாசலில் மான்கள்.
யாரோ எறிந்த லன்ச்சீற்றை ஒன்று
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.

படிவம் ஒரு பக்கம்.
தொடர் இலக்கம். குழலின் நீளம். காலஞ்சென்ற கணவரின் பெயர்.
வைத்திருக்கும் காரணம் என்ற இடத்தில்
ஒரு கோடு, என் சுட்டுவிரல் அளவு.
குடலைப் பருவத்தில் பன்றி இறங்கினால்
இரண்டு ஏக்கர் ஒரே இரவில் பாயாகும் என்பதை
அந்தக் கோட்டில் எழுத முடியவில்லை.
ஓரத்தில் எழுதினேன். பின்பக்கமும் எழுதினேன்.

யானைவெடி தருகிறோமே அம்மா, என்றார் அதிகாரி.
முதல் வெடிக்கு யானை காதை அசைக்கும்.
மூன்றாவதுக்கு அதுவும் இல்லை.
யானையை நான் சுடமாட்டேன் ஐயா, சட்டம் தெரியும்.
ஒவ்வொரு வருசமும் கட்டணம் கட்டி, கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி
பொலிசில் காத்து நின்று புதுப்பித்தவள் நான்.
அதனால்தான் என் வீடு உங்களுக்குத் தெரிகிறது.
காட்டுக்குள் கம்பி இழுத்துக் கட்டிய கட்டுத்துவக்கு
எந்தக் கந்தோரில் பதிந்தது?
விறகுக்குப் போன றிபாயின் முழங்காலைக் கொண்டுபோனது
லைசன்ஸ் இல்லாத குழாய்.
அதற்கு நீங்கள் எந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டீர்கள்?

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது
சுருட்டிய படத்தோடு ஒரு அக்கா வந்தா.
மிதிவெடி, பொறிவெடி, வெடிக்காத மோட்டார்.
மாம்பழம் வாழைப்பழம் சொல்வதுபோல
சத்தமாகச் சொல்லிப் படித்தோம்.
பெயர் தெரிந்ததால் தொடவில்லை.
தொடாததால் இந்தப் படிவத்தை
ஒரு கையால் பிடித்து மறு கையால் எழுதுகிறேன்.
என் மகன் நிரோஜனுக்குப் பன்னிரண்டு வயது.
அவனுக்கும் அவன் வகுப்புக்கும் படிப்பியுங்கள்:
குழலை மடித்துப் பார், வெளிச்சம் தெரிகிறதா,
விரல் வெளியே, நுனி நிலத்துக்கு.
சுடுவதைக் கடைசியாகப் படிப்பிக்கலாம்.

இந்த மாவட்டத்திலா, என்றார்.
பள்ளிக்கூடத்துக்குள் துவக்கா.
நீங்களா அம்மா இதைக் கேட்கிறீர்கள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை.
அண்ணனுக்கும் ஒருகாலம் படிப்பித்தார்கள்.
பதினாறு வயது. அப்போது யாரும் எங்களிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.
மூன்று மாதத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு
கழற்றிப் பூட்டுவானாம்.
எப்போது சுடக்கூடாது என்பது
அந்தப் பாடத்தில் இருந்திருக்காது.
அவனை ஒருவரும் திருப்பி ஒப்படைக்கவில்லை,
படிவத்தோடும், படிவமில்லாமலும்.

அதனால்தான் கேட்கிறேன், என்றேன்.
சரியாகச் சொன்னேனா தெரியாது.

பியோன் பெடியன் வந்து தூக்கினான்.
நுனி நேராக அதிகாரியின் வயிற்றுக்கு.
விரல், இருக்கக்கூடாத இடத்தில்.
தம்பி, முதலில் மடித்துப் பார் என்றேன்.
எதை அக்கா மடிக்கிறது, என்றான்.
கந்தோரே எழும்பி நின்றது.

வாங்கி, நெம்பைத் தள்ளி, மடித்து
ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினேன்.
வட்டமாக வெளிச்சம்.
அந்த வட்டத்துக்குள் ஒரு மான்,
இன்னும் மென்று முடியவில்லை.

ரசீதில் என் பெயர் பிழை. திருத்தக் கேட்கவில்லை.
கயிற்றை மட்டும் திருப்பி வாங்கினேன்.
இன்றிரவு வரம்பில் தகரம் கட்ட வேணும்.